தோட்டத்து இடுகாட்டை எடுக்கப் போகிறார்கள்: அப்பாயியை எங்கே கொண்டுபோவது?

செம்மண்_ரோடு | அக்டோபர் 9, இரவு 10:42

வணக்கம். இங்கே வாசிப்பதோடு சரி, எழுதியதில்லை. இப்போது வேறு வழியில்லை.

நாங்கள் இருப்பது மலேசியாவில், சிலாங்கூர் பெஸ்தாரி ஜெயா. 2007 வரைக்கும் பத்தாங் பெர்ஜுந்தை. எங்கள் வீட்டில் இன்னும் பத்தாங்தான். எங்கள் தோட்டம் டவுனிலிருந்து மோட்டாரில் கால் மணி நேரம். தோட்டம் என்று சொல்வது பழக்கதோஷம். லயங்களை (தொழிலாளர் வரிசை வீடுகள்) இடித்தாயிற்று. கித்தா (ரப்பர்) போய்ச் செம்பனை வந்து முப்பது வருஷம் இருக்கும். பிரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்பு) நிற்பவர்கள் எல்லாம் வெளிநாட்டுக்காரர்கள். நம்முடையது என்று அங்கே மிச்சமிருப்பது மாரியம்மன் கோயில் ஒன்று, இடுகாடு ஒன்று.

இடுகாட்டின் முன்பக்கம் இந்துக்களுடையது. ஓடைக்கரை மூலை கத்தோலிக்கர்களான நம்முடையது. சின்னப்பிள்ளையில் எண்ணியிருக்கிறேன், 43 சிலுவை. இப்போது நிற்பது பத்து. மற்றதெல்லாம் மரச்சிலுவை, கரையான் தின்றுவிட்டது. சிமெந்து போட வசதி இருந்தது கிராணி (ஆபீஸ் எழுத்தர்) வீட்டுக்கும் மண்டோர் (மேற்பார்வையாளர்) வீட்டுக்கும்தான். என் அப்பாயி, தாத்தா இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் அங்கேதான்.

போன வாரம் கடிதம் வந்தது. நிலம் வீடமைப்புக்குப் போகிறதாம். 3 மாதத்துக்குள் வாரிசுகள் வந்து எலும்புகளை எடுத்துக்கொள்ள வேண்டும், குழிக்கு இவ்வளவு என்று செலவு தருவார்கள். யாரும் வராத குழிகளை அவர்களே தோண்டி மொத்தமாக ஓரிடத்தில் வைப்பார்களாம்.

சித்தப்பா கோலாலம்பூரில் இருக்கிறார், செராஸ் பக்கம். எலும்பை எரித்துச் சாம்பலாக்கி அங்கே கோயில் சாம்பல் மாடத்தில் வைத்துவிடலாம், ஞாயிறு பூசைக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். அப்பாவுக்கு 84. "அவங்க எங்கேயும் வரமாட்டாங்க" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அதற்குப் பிறகு இந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறார்.

அடக்கம் செய்தவர்களைத் தோண்டலாமா? நம் மதத்தில் எரிக்கலாமா? யாரிடம் அனுமதி கேட்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_கிராணி | அக்டோபர் 9, இரவு 11:30

தங்கச்சி, 31 வருஷம் தோட்ட ஆபீஸில் பேனா பிடித்தவன் சொல்கிறேன். மதத்தைப் பிறகு பார்க்கலாம், முதலில் கிராண்டை (நிலப் பத்திரம்) பார்.

தோட்டத்து இடுகாட்டுக்கு அநேகமாகத் தனிக் கிராண்ட் இருக்காது. துரை ஒரு மூலையைக் கைகாட்டி விட்டதுதான் பத்திரம். அதுவும் பால் வெட்ட முடியாத மூலையாகத்தான் இருக்கும். ஓடைக்கரை என்கிறாயே, அதுதான் கதை. தேசிய நிலச் சட்டம் 1965, 62-ஆவது பிரிவுப்படி மாநில அரசு ஒரு நிலத்தைப் பொதுக் காரியத்துக்கு ஒதுக்கி அரசிதழில் போடலாம். இடுகாட்டையும் அப்படிக் காப்பாற்றலாம். ஆனால் அது அரசு நிலமாக இருக்க வேண்டும். உங்களுடையது கம்பெனி பேரில் இருந்தால், அந்தத் துண்டைக் கம்பெனி முதலில் அரசுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மனசு வைத்தால் நடக்கும். விற்கப் போகிறவன் மனசு வைப்பானா என்பது வேறு. எதற்கும் நில அலுவலகத்தில் கட்டணம் கட்டித் தேடிப் பார்.

தோண்டுவதற்கு மஜ்லிஸ் (உள்ளாட்சி மன்றம்) அனுமதி வேண்டும். 1976-ஆம் வருஷத்து உள்ளாட்சிச் சட்டத்தில் இடுகாடுகளுக்கென்றே ஒரு பாகம் இருக்கிறது. மண்வாரி இயந்திரத்தோடு யாராவது வந்து நின்றால், அனுமதிக் கடிதத்தைக் காட்டு என்று கேள். கேட்டால்தான் காட்டுவார்கள்.

இன்னொன்று. குழி எத்தனை என்று எதை வைத்து எண்ணினார்கள்? நிற்கிற சிலுவையை வைத்தா? அப்படியானால் 33 பேர் கணக்கிலேயே இல்லை.

ஜாலான்_கெபுன் | அக்டோபர் 10, காலை 6:15

எங்க தோட்டத்துல கடிதம்கூட வரல லா. கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தி வாங்கிக்கிட்டுப் போனோம், எல்லாம் மட்டமா இருந்துச்சு. எங்க மாமா குழி எது, யாரு குழி எதுன்னு தெரியாம சும்மா நடுவுல கொளுத்தி வெச்சுட்டு வந்துட்டோம். சீக்கிரம் பண்ணுங்கக்கா.

உபதேசியார்_மகள் | அக்டோபர் 10, காலை 9:50

கிராணி ஐயாவின் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். சிலுவை போனாலும் பேர் போயிருக்காது. அடக்கம் முடிந்ததும் பங்கின் (கோயில் வட்டாரம்) இறந்தோர் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். தோட்டத்தில் புதைத்திருந்தாலும், சாமியார் வந்தோ உபதேசியார் போயோ செபித்திருந்தால் டவுன் பங்கில் ஒரு வரி இருக்கும். பிரெஞ்சு சாமியார்கள் காலத்துப் பதிவு இலத்தீனில் இருக்கும், பயப்படாதீர்கள். சவரிமுத்து சவேரியுஸ் ஆகியிருப்பார், ராயப்பன் பேத்ருஸ் ஆகியிருப்பார். என் அப்பா சைக்கிளில் தோட்டம் தோட்டமாகப் போய் அடக்கம் செய்துவிட்டு, ராத்திரி மண்ணெண்ணெய் விளக்கில் உட்கார்ந்து சாமியாருக்குக் கணக்கு எழுதுவார். தேதி, பேர், வயசு, தோட்டம், அவஸ்தைப் பூசுதல் (சாகும் தறுவாயில் எண்ணெய் பூசுவது) கொடுத்ததா இல்லையா. அந்த நோட்டை அம்மா மளிகைக் கடன் நோட்டோடு சேர்த்து வைத்துவிட்டு வாங்கிய திட்டு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

தோண்டுவது பாவமா என்றால், நம் புனித சவேரியாரை நினைத்துக்கொள்ளுங்கள். 1552 டிசம்பரில் சீனக் கரையோரத் தீவில் இறந்தார். சதை சீக்கிரம் கரைந்து எலும்பை எடுத்துப்போக வசதியாக இருக்கும் என்று பெட்டிக்குள் சுண்ணாம்பைக் கொட்டிப் புதைத்தார்கள். சில மாதத்தில் தோண்டினால் உடல் அப்படியே இருந்தது. 1553-இல் மலாக்காவுக்குக் கொண்டுவந்து மலைமேல் கோயிலில் அடக்கம் செய்தார்கள். அங்கேயும் ஒரு வருஷம் தங்கவில்லை, திரும்பத் தோண்டிக் கோவாவுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். மலாக்காவில் செயின்ட் பால் மலையில் அந்தக் காலிக் குழியை இன்றைக்கும் கம்பி போட்டு வைத்திருக்கிறார்கள். அர்ச்சியசிஷ்டவருக்கே மூன்று குழி.

எரிப்பதைத் திருச்சபை 1963 வரை தடுத்தது. உயிர்த்தெழுதலை மறுக்கிறவர்கள் வேண்டுமென்றே எரித்த காலம் ஒன்று ஐரோப்பாவில் இருந்தது, அதனால் வந்த தடை. 1983 திருச்சபைச் சட்டத்தில், அடக்கம்தான் விருப்பம், எரிப்பதற்குத் தடையில்லை என்று இருக்கிறது. 2016-இல் ரோமிலிருந்து வந்த அறிவுரைப்படி சாம்பலை வீட்டு அலமாரியில் வைக்கக்கூடாது, கடலில் கரைக்கக்கூடாது, கோயில் அல்லது இடுகாடு மாதிரி மந்திரித்த (ஆசீர்வதித்த) இடத்தில் வைக்க வேண்டும். சித்தப்பா சொல்வதில் மதத் தப்பு ஒன்றும் இல்லை.

தெம்பனீஸ்_தேவி | அக்டோபர் 10, மதியம் 1:05

சிங்கப்பூரிலிருந்து. எங்களுக்கு இந்தக் கேள்வியே கிடையாது, அரசாங்கம் முடிவு செய்துவிடும். பிடாடரி இடுகாடு தெரியுமா? 1908-இல் திறந்தது, 1972-இல் அடக்கத்தை நிறுத்தினார்கள். 2001-இலிருந்து தோண்ட ஆரம்பித்து 58,000 கிறிஸ்தவர் குழி, 68,000 முஸ்லிம் குழி எல்லாவற்றையும் எடுத்தார்கள். இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள். என் தோழி ஒருத்தி வீடு வாங்கியிருக்கிறாள், அவளுடைய சொந்தப் பாட்டியே அங்கே இருந்தவர்தான்.

இப்போது புதைக்க எங்களுக்கு மிச்சம் சுவா சூ காங் மட்டும்தான். 1998-இலிருந்து அங்கேயும் 15 வருஷம்தான் தவணை. அப்புறம் எடுத்து எரித்து மாடத்தில் வைக்க வேண்டும். அதனால் எல்லாரும் முதலிலேயே எரித்துவிடுகிறோம்.

சித்தப்பா சொல்வது நடைமுறை. எப்போதோ ஒரு நாள் செராஸிலும் இடம் முடியத்தானே போகிறது?

வெஸ்டர்ன்_ரோடு | அக்டோபர் 10, இரவு 8:20

பினாங்குக்காரன் பேர் வைத்தே சொல்லிவிடுகிறேன், நான் இடுகாட்டுக்கு எதிரில் வளர்ந்தவன். நவம்பர் 2 ராத்திரி வெஸ்டர்ன் ரோட்டுக் கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுவர்த்தி. சீனர், தமிழர், யூரேசியர் எல்லாரும் ஒரே செபமாலையை மூன்று நான்கு பாஷையில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

நகரத்தில் 'கத்தோலிக்கக் கல்லறை' என்று தனியாக ஏன் வைத்தார்கள் என்று சின்ன வயதில் எனக்குக் குழப்பம். நார்த்தம் ரோட்டில் பிரான்சிஸ் லைட் 1794-இல் அடக்கமான பழைய இடுகாடு புராட்டஸ்டண்டு. அதை ஒட்டினாற்போலக் கத்தோலிக்கருக்கு வேறு இடம். செத்த பிறகுமா சண்டை? விஷயம் மண்ணில் இருக்கிறது. கத்தோலிக்கருக்கு இடுகாடும் மந்திரித்த நிலம், கோயிலின் நீட்சி மாதிரி. பீடத்தில் பூசை நடக்கிற கூட்டமும் மண்ணுக்குள் காத்திருக்கிற கூட்டமும் ஒரே பங்கு. உத்தரிக்கிற ஸ்தலத்தில் (மோட்சத்துக்கு முன் சுத்தமாகும் இடம்) இருக்கிற ஆத்துமாக்களுக்கு நாம் செபிக்கிறோம், புராட்டஸ்டண்டுக்காரர்கள் செபிப்பதில்லை. எங்கே செபிக்கிறாயோ அங்கே உன் ஆட்கள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதற்கு ஒரு கெட்ட பக்கமும் உண்டு. மந்திரித்த நிலம் என்றால் வேலி உண்டு, வேலி என்றால் வெளியே ஆள் உண்டு. தற்கொலை செய்தவர்களையும், ஞானஸ்நானம் கொடுக்கும் முன் இறந்த குழந்தைகளையும் வேலிக்கு வெளியே புதைத்த காலம் அது. தூக்குப் போட்டுக்கொண்டவர்களுக்கு அடக்கம் மறுக்கும் பழைய விதி 1983 சட்டத்தில் இல்லை. பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க நினைத்திருந்த குழந்தைக்கு அடக்கச் சடங்கும் செய்யலாம்.

கித்தாப்பால் | அக்டோபர் 10, இரவு 9:02

நான் இந்து, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஓடைக்கரை, முன்பக்கம் இந்து, பின்பக்கம் வேதக்காரர். செம்மண்_ரோடு அக்கா, அது ஆயாக்கொட்டகைக்குப் பின்னால் இறங்குகிற பாதைதானே? நடுவில் பெரிய கம்போஜா மரம் ஒன்று?

செம்மண்_ரோடு | அக்டோபர் 10, இரவு 9:10

அதேதான்! நீங்கள் யார் வீடு?

கித்தாப்பால் | அக்டோபர் 10, இரவு 9:26

மூன்றாவது லயம். பொதுவில் பேர் வேண்டாம், தனியாகச் சொல்கிறேன். பினாங்கு அண்ணன் வேலி என்றார், எங்கள் தோட்டத்தில் வேலி ஏது? கம்போஜா மரம்தான் எல்லை. தீபாவளி முடிந்தும் முடியாமலும் உங்கள் ஆட்கள் மெழுகுவர்த்தியோடு வருவீர்கள். உங்கள் அப்பா கையில் மிச்சம் இருந்தால் மரத்தைத் தாண்டி வந்து எங்கள் பெரியம்மா குழியிலும் ஒன்று வைப்பார். எங்களுக்கும் அதே கடிதம் வந்திருக்கிறது.

மெர்டேக்கா_72 | அக்டோபர் 11, காலை 7:40

எல்லாரும் உருகுகிறீர்கள், ஒரு விஷயம் கேட்கிறேன். அந்த ஒரு மூலையில் எல்லாச் சாதி வேதக்காரர்களும் கலந்தா இருந்தார்கள்?

உபதேசியார்_மகள் | அக்டோபர் 11, காலை 8:30

நியாயமான கேள்வி. ஊரில் திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்க இடுகாட்டில் தலித் கிறிஸ்தவர்களைப் பிரிக்கச் சுவரே கட்டினார்கள். வடக்கன்குளத்தில் கோயிலுக்குள்ளேயே சுவர் இருந்து 1910-இல் இடித்தார்கள். அந்த ஊர்களிலிருந்து கப்பலேறி வந்தவர்கள்தானே நாம். இங்கே செங்கல் சுவர் இல்லை. யார் யாருடைய பெட்டியைத் தூக்கினார்கள், யார் தூக்காமல் குடை பிடித்து நின்றார்கள் என்பதை அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

மெர்டேக்கா_72 | அக்டோபர் 11, காலை 8:44

அதைத்தான் சொன்னேன். நன்றி.

(இதன் கீழே வந்த 6 பதிவுகளை நீக்கியிருக்கிறேன். ஊர்ச் சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். - இழை மேற்பார்வை)

பாகான்_செராய்_பையன் | அக்டோபர் 11, மாலை 5:15

பேராக்கிலிருந்து. 1880-களில் ஃபே சாமியார் எங்கள் ஊரில் நிலம் வாங்கித் தமிழ்க் கத்தோலிக்கர்களைக் குடியமர்த்தினார். சூசையப்பர் பேரில் தோட்டமே இருந்தது. அவர்தான் பிறகு 1896-இல் மலாக்கா ஆயரானார். அந்தப் பிரெஞ்சுக்காரர் செய்த ஒரு நல்ல காரியம், முதலில் நிலத்தைப் பிடித்தது. துரை காட்டிய மூலையில் படுத்தால் துரை விற்கும்போது எழுந்திருக்க வேண்டியதுதான். அப்பாயியை டவுன் பங்கு இடுகாட்டுக்கு மாற்றுங்கள், இடம் இருக்கிறதா என்று ஃபாதரைக் கேளுங்கள். செராஸ் மாடம் உங்கள் சித்தப்பாவுக்குப் பக்கம், உங்கள் அப்பாவுக்கு?

பாரிஸ்_பலகாரம் | அக்டோபர் 11, இரவு 11:58

மாற்றுவது ஒன்றும் புதிதில்லை. பாரிஸில் மாசற்ற குழந்தைகள் இடுகாடு என்று நூற்றாண்டுக்கணக்கில் புதைத்து, நாற்றம் தாங்காமல் 1780-இல் மூடினார்கள். 1786-இலிருந்து எலும்புகளை வண்டி வண்டியாகச் சுரங்கத்துக்கு மாற்றினார்கள். இரவில், பாதிரிமார் பாடிக்கொண்டு கூடப் போனார்களாம். ஒரு பேரும் கிடையாது, எல்லாம் தலை ஒரு வரிசை, தொடை எலும்பு ஒரு வரிசை. சுற்றுலாப் பயணிகள் டிக்கெட் வாங்கிப் பார்க்கிறார்கள். 'மொத்தமாக ஓரிடத்தில் வைப்போம்' என்று உங்கள் கடிதத்தில் இருக்கிறதே, அதைப் படித்தவுடன் இதுதான் ஞாபகம் வந்தது.

செம்மண்_ரோடு | அக்டோபர் 14, இரவு 10:20

எல்லாருக்கும் நன்றி. மூன்று நாள் எழுத முடியவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து பதிவேடு பார்த்தோம். ஃபாதர் சின்னப் பையன், இலத்தீன் அவருக்கே சிரமம், சிரித்துக்கொண்டே எழுத்துக்கூட்டிப் படித்தார். 1968-இல் அப்பாயி பேர் இருக்கிறது. எங்கள் தோட்டம் என்று போட்ட பேர்கள் இதுவரை 38 கிடைத்திருக்கின்றன. தாத்தா பேர் இல்லை. 1943, 44, 45 மூன்று வருஷமும் இரண்டு தடவை பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். "அங்க எப்படி இருக்கும்" என்றார்.

அப்புறம்தான் சொன்னார். தாத்தா அந்தக் குழியில் இல்லை. 1943-இல் ஜப்பான்காரன் தோட்டத்தில் ஆள் பிடித்தபோது சயாமுக்கு (தாய்லாந்து) ரயில் தண்டவாளம் போடப் போனவர். லாரியில் ஏற்றி, பிறகு கூட்ஸ் வண்டியில் பான் போங் வரைக்கும். மூன்று மாதம் என்று சொல்லித்தான் கூட்டிப்போனார்களாம். அப்பாவுக்கு அப்போது 2 வயசு, சித்தப்பா வயிற்றில். சண்டை முடிந்து திரும்பி வந்த ஒருவர், தாத்தா வாந்திபேதியில் போய்விட்டார் என்று மட்டும் சொன்னார். எந்த முகாம், எங்கே போட்டார்கள், அவருக்கும் தெரியவில்லை.

அப்பாயி ஒரு வருஷம் பார்த்தார். பிறகு தாத்தா விட்டுப்போன வேட்டியையும் செபமாலையையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, அந்த மூலையில் புதைத்துச் சிலுவை நட்டுவிட்டார். சாமியாரிடம் கேட்கவில்லை, அதனால்தான் பதிவில் இல்லை. தான் செத்தால் பக்கத்தில் போடச் சொல்லி இடத்தையும் காட்டி வைத்திருந்தார். எண்பது வருஷமாக நாங்கள் மெழுகுவர்த்தி வைத்தது பிஸ்கட் டின்னுக்கு. எங்கள் யாருக்கும் தெரியாது. சித்தப்பாவுக்கும் தெரியாது.

"அவங்க எங்கேயும் வரமாட்டாங்க" என்று அப்பா சொன்னதற்கு அர்த்தம் இதுதான். தோண்டினால் ஒன்றும் இருக்காது என்று பயந்திருக்கிறார். கம்பெனி பாரத்தில் 'எச்சங்களின் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம். அதில் 1 போடுவதா 2 போடுவதா?

பழைய_கிராணி | அக்டோபர் 14, இரவு 10:51

2 போடு. யார் கேட்டாலும் என்னிடம் அனுப்பு.

ஜாலான்_கெபுன் | அக்டோபர் 15, காலை 6:02

எங்க தாத்தாவோட அண்ணனும் சயாம்தான். எங்க வீட்டுல சிலுவைகூட நடல.

வெஸ்டர்ன்_ரோடு | அக்டோபர் 15, காலை 10:40

தாய்லாந்தில் அந்தத் தண்டவாளம் போன காஞ்சனபுரிக்குப் போயிருக்கிறேன். போர்க்கைதிகள் இடுகாட்டில் 6,982 பேர், ஒவ்வொருவருக்கும் படுக்கைக்கல், படைப்பிரிவு, வயசு, பூச்செடி. புல்லை அவ்வளவு அழகாக வெட்டி வைத்திருக்கிறார்கள். 415 கிலோமீட்டர் தண்டவாளம். அதில் செத்த நம்மவர்களுக்கு அப்படி ஒரு வரிசை கிடையாது. நான் வேறு ஒருவருடைய கல்லின் முன்னால் நின்று நம் ஆட்களுக்கு ஒரு பரலோக மந்திரம் சொல்லிவிட்டு வந்தேன். உங்கள் அப்பாயி செய்தது அதைவிடப் பெரிய காரியம். அவர் எங்கே போய்த் தேடுவார்? பக்கத்திலேயே ஒரு குழி வெட்டிக்கொண்டார்.

உபதேசியார்_மகள் | அக்டோபர் 15, மதியம் 12:15

தங்கச்சி, பதிவு தெரிந்தவள் என்ற முறையில் மட்டும் சொல்கிறேன், மீதி ஃபாதர் கையில். டின் கிடைத்தால் எடுங்கள், மக்கிப் போயிருந்தால் அந்த மண்ணில் ஒரு பிடி எடுங்கள். அப்பாயி பெட்டியிலேயே வைக்கலாம். எலும்புக்குச் செய்வதை மண்ணுக்குச் செய்கிறோம் என்று யாரும் ஏமாற வேண்டியதில்லை. ஆனால் கல்லில் இரண்டு பேரையும் வெட்டுங்கள். 2023 டிசம்பரில் ரோம் ஒரு பதில் கொடுத்தது. பலருடைய சாம்பலை ஒரே இடத்தில் பொதுவாகச் சேர்த்து வைக்கலாமா என்ற கேள்விக்கு, வைக்கலாம், ஆனால் ஒவ்வொருவர் பேரும் குறிக்கப்பட வேண்டும் என்றார்கள். அந்த 'மொத்தமாக ஓரிடத்தில்' விஷயத்துக்கு இதைக் கம்பெனியிடம் காட்டலாம். கிடைத்த 38 பேரையும் எழுதிக் கொடுங்கள்.

உடல் இல்லாமலும் அடக்கப் பூசை வைக்கலாம். தாத்தாவுக்கு அது இன்னும் நடக்கவே இல்லையே.

தெம்பனீஸ்_தேவி | அக்டோபர் 15, மதியம் 12:40

நான் மாடம்தான் வசதி என்று எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். முழுக்க அல்ல, உங்கள் வீட்டு விஷயத்தில் மட்டும்.

செம்மண்_ரோடு | அக்டோபர் 21, இரவு 9:35

சித்தப்பா நேற்று வந்தார். அப்பாவும் அவரும் வாசலில் உட்கார்ந்து என்ன பேசினார்கள் என்று தெரியாது, நாங்கள் உள்ளேயே இருந்துவிட்டோம். போகும்போது, செராஸ் மாடத்துக்குக் கட்டிய முன்பணத்தைத் தன் பேருக்கு மாற்றிக்கொள்கிறேன் என்றார்.

டவுன் பங்கு இடுகாட்டில் சுவரோரம் இடம் தருகிறார்கள். மஜ்லிஸ் கடிதத்துக்கு எழுதிப் போட்டாயிற்று. நில அலுவலகத்தில் தேடியதில் கிராணி ஐயா சொன்னதுதான், தனிக் கிராண்ட் இல்லை. 38 பேர் பட்டியலில் 11 குடும்பங்களைக் கண்டுபிடித்திருக்கிறோம். மற்ற பேர்களை ஃபாதர் பூசையில் வாசிக்கிறேன் என்றார். பட்டியலைத் தனி இழையில் போடுகிறேன், உங்கள் ஆட்கள் பேர் இருந்தால் சொல்லுங்கள்.

தோண்டுவதற்கு முன்னால் ஒரு தடவை சுத்தம் செய்து, இந்த நவம்பர் 2-க்கு எல்லாக் குழிக்கும் மெழுகுவர்த்தி வைக்க வேண்டும் என்று அப்பா ஆசைப்படுகிறார். வருகிற சனிக்கிழமை காலை 7 மணிக்குப் போகிறோம். லாலாங் புல் இடுப்பளவு நிற்கிறது.

கித்தாப்பால் | அக்டோபர் 21, இரவு 9:48

நானும் தம்பியும் வருகிறோம். புல்வெட்டும் இயந்திரம் என்னிடம் இருக்கிறது. மரத்துக்கு இந்தப் பக்கமும் சேர்த்தே வெட்டிவிடலாம்.

பழைய_கிராணி | அக்டோபர் 21, இரவு 10:05

முட்டி வலி, குனிய முடியாது. நாற்காலி போட்டு உட்கார்ந்து குழி நம்பர் எழுதுகிறேன். பழைய தோட்ட வரைபடம் ஒன்று வைத்திருக்கிறேன், ஏன் வைத்திருக்கிறேன் என்று கேட்காதே.

செம்மண்_ரோடு | அக்டோபர் 21, இரவு 10:11

வாங்க ஐயா, நாற்காலி நான் கொண்டுவருகிறேன். பராங்கத்தி இருப்பவர்கள் எடுத்து வாருங்கள். மழை பெய்தால் அந்தச் செம்மண் ரோட்டில் கார் ஏறாது, மோட்டாரில் வருவது நல்லது.